கூடப் படிக்க ஓர் ஆள்

வேதத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று பெர்சி டீச்சருக்கு ஒரு நினைப்பு உண்டு. வெறும் நினைப்பு என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, மனப்பாட வசனப் போட்டியில் வருடம் தவறாமல் பரிசு வாங்கிய பிள்ளை. பைபிளில் இருப்பதிலேயே நீளமான சங்கீதத்தைச் சிறு வயதில் ஆலயத்தில் நின்று முழுசாக ஒப்பித்தவள். பாதியில் சபைப் போதகரான ஐயர் தூங்கிவிட்டார், இவள் நிறுத்தவில்லை. இப்போது தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள். எந்தப் பிள்ளையையும் தேற்றிவிடுவாள் என்று பேர் வாங்கியிருக்கிறாள். அதற்கு அவளிடம் உள்ள மருந்து ஒன்றே ஒன்றுதான்: படி, ஒப்பி, எழுது. தேறவில்லையா, மறுபடியும் படி, ஒப்பி, எழுது.

இப்பேர்ப்பட்டவள் கட்டிக்கொண்டது ஒரு யூதரை. எலியாஸுக்குச் சொந்த ஊர் மும்பையை அடுத்த தானே. பல தலைமுறையாக அங்கேயே இருந்து, வீட்டில் மராத்தி பேசுகிற யூதக் குடும்பம். அவர் துறைமுகத்தில் பைலட். வெளியே கடலில் காத்து நிற்கும் கப்பலில் கயிற்றேணி பிடித்து ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே கூட்டிவந்து கரையோடு அணைத்துவிடுகிற வேலை. தமிழைப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொண்டதால் மரியாதைச் சொல் ஒன்றும் அவர் வாயில் ஏறவில்லை. கல்யாணமான புதிதில் நாசரேத்துக்குப் போய், "ஏலே ஐயரே, சாப்ட்டியா?" என்று அன்பாக விசாரித்தார். ஐயர் நல்ல மனுஷன், சாப்பிட்டேன் என்று சொன்னார்.

பதிவுத் திருமணம். நாசரேத்துக்காரர்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பேத்தி பிறந்ததும் பால்புட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். தானேயில்தான் கதவு திறக்கவில்லை. எலியாஸின் அண்ணன் ரூபன் அங்கே தங்கள் தொழுகைக்கூடத்தில் பொறுப்பில் இருக்கிறவர். அவருக்குக் கணக்கு தெளிவானது: தாய் யூதப் பெண்ணாக இருந்தால் பிள்ளை யூதப் பிள்ளை, இல்லாவிட்டால் இல்லை. இதில் கோபதாபம் எதுவும் கிடையாது, சட்டம் அப்படி, என்று அவர் சொல்வார். கோபமில்லாத அந்த மனிதர் பதின்மூன்று வருடமாகத் தம்பிக்குப் போன் பண்ணவில்லை என்பது வேறு விஷயம்.

மகள் ரெபேக்கா இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு மெழுகுவத்தி ஏற்றுவாள், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆலயத்துக்குப் போவாள். அம்மாவும் மகளும் யூதருக்கு விலக்கான நண்டைச் சாப்பிடும்போது எலியாஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், பத்து வயதில் ஒருநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றது.

"எம்மா, எங்க கிளாஸ் டயானா சொல்லுதா, எங்கப்பா பரலோகம் போக மாட்டாராம். தானே பெரியப்பா நான் யூதப் பிள்ளையே இல்லைங்காராம். அப்பம் நான் யாரும்மா?"

"நீ ரெபேக்கா. போய்க் கணக்கைப் போடு."

அப்படி வெட்டிவிட்டாளே தவிர, அன்றைக்கு முழுவதும் பெர்சிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிள்ளை கேட்டதற்குத் தன்னிடம் விடை இல்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. விடை தெரியாத கேள்வி அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்.

அந்த இணைய வகுப்பைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான், எலியாஸ் இல்லை. ஞாயிறு காலை, புனேயிலிருந்து நவோமி என்ற இளம்பெண் நடத்துகிறாள். கொச்சியிலும் காத்மாண்டுவிலும் துபாயிலும் சிதறிக் கிடக்கிற யூத வீட்டுப் பிள்ளைகள். சிலர் தலையில் குல்லா வைத்திருப்பார்கள், சிலர் வைத்ததே இல்லை. ஒரு பிள்ளை வீட்டில் சனிக்கிழமை அடுப்பே எரியாது, இன்னொரு பிள்ளை சனிக்கிழமைதான் நீச்சலுக்குப் போகும். அப்பா மட்டும் யூதர், அம்மா மட்டும் யூதர், எல்லாம் உண்டு. நவோமி யாரிடமும் நீ எத்தனை பங்கு யூதர் என்று கேட்பதில்லை. ஒரே ஒரு ஒழுங்குதான் அங்கே. "யூதர்கள் இப்படிச் செய்வார்கள்" என்று யாரும் சொல்லக்கூடாது. "எங்க வீட்டுல இப்படி" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்துகிற சாக்கில் பெர்சி முதல் வகுப்பை ஒட்டுக்கேட்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அந்த நவோமி எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்கிறாள். எது சரி என்று கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை.

"விடையே சொல்லாத டீச்சரை இப்பம்தான் பாக்கேன்" என்று புருஷனிடம் பொருமினாள். "நான் இப்டி நடத்தினா பப்ளிக் பரீட்சைல அம்புட்டும் அவுட்டு."

"எங்கப்பா எனக்கு விடை மட்டும்தான் சொன்னாரு. அடியும் குடுத்தாரு" என்றார் எலியாஸ். "எபிரேயுல ஜெபம் பூரா வாயில வரும். அர்த்தம் கேக்காத. தெரியாது."

ஆனாலும் பெர்சி வகுப்பை நிறுத்தவில்லை. காரணம், பிள்ளையின் முகம். பத்து வயதில் வந்து நின்ற அந்தக் கலக்கம் அந்த முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போனதைத் தாய் பார்த்தாள். "எங்க வீட்டுல அம்மா சர்ச்சுக்குப் போவாங்க, அப்பா போக மாட்டாங்க, நான் ரெண்டு பேருக்கும் காப்பி போடுவேன்" என்று ரெபேக்கா அந்தத் திரையைப் பார்த்துத் தைரியமாகச் சொன்ன அன்றைக்கு, சமையலறையில் பெர்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை.

அந்த வகுப்பில் யாரும் தனியாகப் படிப்பதில்லை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரே பகுதியை உரக்க வாசிப்பார்கள். ஒருவர் சொன்னால் மற்றவர் மறிப்பார், கேட்பார், சண்டை போடுவார். அதற்கு ஹவ்ரூத்தா என்று பெயர். யூதர்கள் காலங்காலமாகப் படிக்கிற விதமே அதுதானாம். ரெபேக்காவின் ஜோடி காத்மாண்டுப் பெண். அந்தக் குடும்பம் திடீரென்று வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட, ரெபேக்கா ஒற்றை ஆளாக நின்றாள். எலியாஸுக்குக் கப்பல் வருகிற நேரம்தான் நேரம், அவரை நம்பி எதையும் வைக்க முடியாது. "வீட்டில் அம்மா இருக்கிறார்களே" என்றாள் நவோமி.

"நான் யூதர் இல்லையே மிஸ்" என்றாள் பெர்சி.

"கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் வேண்டும் என்றுதான் கேட்டேன். சான்றிதழ் கேட்கவில்லை" என்று சிரித்தாள் அந்தப் பெண். அப்படிப் பெர்சியே மகளுக்கு ஜோடியானாள்.

பன்னிரண்டு வயது முடிந்த யூதப் பெண்பிள்ளைக்கு ஒரு நாள் உண்டு. பாட் மிட்ஸ்வா என்பார்கள். இனி என் சொல்லுக்கும் செயலுக்கும் நானே பொறுப்பு என்று பெரியவர்கள் முன்னால் எழுந்து நிற்கிற நாள். நம்மூர் ஆலயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்கிற திடப்படுத்தல் மாதிரி என்று பெர்சி தனக்குத்தானே வைத்துக்கொண்டாள். நவோமி வகுப்பில் அந்த நாளில் பிள்ளை ஒரு வேதப்பகுதியை எடுத்துப் பேச வேண்டும். பேச்சைத் தனக்கே விடை தெரியாத ஒரு கேள்வியில் முடிக்க வேண்டும். கூடப் படித்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், எங்கே வேண்டுமானாலும் குறுக்கிடலாம்.

ரெபேக்காவின் நாள் நவம்பரில் வந்தது. எலியாஸ் ஒரு வார்த்தை தெரியப்படுத்துவோம் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார். பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. "நான் வந்து பார்க்கிறேன். அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான் செய்தி. ஆனால் அந்த வீட்டில் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். டிசம்பரில் ரூபனின் மகளுக்குக் கல்யாணம். மருதாணி இரவும் பாட்டும் கூத்துமாக ஒரு வாரம் நடக்குமாம். ரெபேக்கா பெரியப்பா வீட்டு அக்காமார்களைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஒருத்தருடைய மூக்கு தன் மூக்கைப் போலவே இருக்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு உண்டு. சொல்லாவிட்டால் அந்த அக்காமார் எப்போதும் படத்திலேயேதான் இருப்பார்கள்.

பெர்சி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். தாய் யூதப் பெண் இல்லை, அதனால் பிள்ளை சோடை என்று அந்த மனிதர் சொல்லிவிடக் கூடாது. தன் பிள்ளை தன்னாலே தோற்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தாள்.

அந்த வாரத்துக்குரிய பகுதி, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிப்போகிற கதை. பெர்சிக்குத் தண்ணீர் பட்ட பாடு. உட்கார்ந்தாள், ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் பேச்சை எழுதி முடித்தாள். கடைசிப் பத்திக்கு யோசிக்கக்கூட இல்லை, கை தானாக ஓடியது.

"மிஸ் கேள்வியிலதான் முடிக்கணும்னு சொன்னாங்கம்மா" என்றாள் ரெபேக்கா.

"கேள்விய நடுவுல வச்சுக்கோ. முடிவுல பதில் இருந்தாத்தான் பாக்கவங்களுக்கு இவ படிச்சவன்னு தெரியும்."

"ரெண்டு பேரும் சேந்து வாசிக்கணும்லா?"

"வாசிச்சாச்சு. நான் எழுதுதேன், நீ ஒப்பிக்க. ரெண்டு பேருதான?"

பிள்ளை ஒப்பித்தது. குளிக்கப் போகும்போது ஒப்பித்தது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அம்மாவின் காதருகே ஒப்பித்தது. வெள்ளிக்கிழமைக்குள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் என்ற பதத்துக்கு வந்துவிட்டது. பெர்சிக்குத் திருப்தி.

வீட்டையும் அதே மாதிரி உலுக்கினாள். ரூபன் சட்டப்படி சாப்பிடுகிறவர், அவருக்கு நண்டும் இறாலும் ஆகாது. குளிர்பெட்டியிலிருந்த நண்டு மொத்தமும் பக்கத்து வீட்டு இசக்கித்தாய்க்குப் போனது.

"யாருளா வாரா, நண்டையெல்லாம் ஊரைவிட்டு ஓட்டுத?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

"எங்க கொழுந்தனாரு."

"அந்த மனுசன் மாசா மாசம் வரட்டும்" என்று வாழ்த்திவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டாள்.

ரூபன் வெள்ளிக்கிழமை மதியமே விமானத்தில் வந்து இறங்கிவிட்டார். ஓட்டலில் தங்கி, ஓய்வுநாளான சனிக்கிழமை முழுக்க அறையைவிட்டு அசையாமல் இருந்துவிட்டு, ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்தார். தெருவில் மழைத்தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நின்றது. வெள்ளைக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறி வந்த நெட்டை மனிதரைப் பார்த்ததும் பெர்சிக்குப் பயம் பாதி போய்விட்டது. அப்படியே எலியாஸ், கொஞ்சம் நரைத்த எலியாஸ். முதல் ஆராதனைக்குப் போய்விட்டு நனைந்து வந்த சேலையோடு அவள் கும்பிட்டாள். அவர் தலையை அசைத்தார். சகோதரர்கள் இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். எலியாஸ் பிடித்த கையை விடவில்லை, அண்ணன்தான் மெதுவாக உருவிக்கொண்டார்.

சமைத்தது எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் எலியாஸ் அவர்கள் வீட்டு வழக்கப்படி மலீதா செய்து வைத்திருந்தார். அடுப்பில் ஏற்றாத பண்டம் அது. ஊறவைத்த அவலில் தேங்காயும் சர்க்கரையும் ஏலக்காயும் பிசைந்து, மேலே பழங்களை அடுக்கியிருந்தார். எந்த நல்ல காரியத்துக்கும் எலியா தீர்க்கதரிசியை நினைத்து அதன்மேல் ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். ரூபன் தட்டைப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "முதலில் பிள்ளை பேசட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் நவோமியும் பிள்ளைகளும் பெற்றோர்களும் வந்தாயிற்று. ரெபேக்கா நீலப் பாவாடை சட்டையில் எழுந்து நின்றாள். பக்கத்தில் பெர்சி, எதிரே பெரியப்பா. எபிரேயத்தில் சில வரிகள் வாசித்தாள். எலியாஸ் சொல்லிக்கொடுத்தது, உச்சரிப்பு நன்றாகவே இருந்தது. ரூபனின் புருவம் லேசாக உயர்ந்தது. பிறகு ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினாள்.

ஒரு வார்த்தை பிசகவில்லை. எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபடி அப்படியே வந்தது. பெர்சியின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. ஒப்பிக்கிற பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எந்த டீச்சருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பெர்சி சுறுசுறுப்பான டீச்சர் ஆதலால் எப்போதும் பிள்ளைக்குச் சில வரிகள் முன்னாலேயே ஓடுவாள். அப்படி ஓடியவள் கடைசிப் பத்திக்குப் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்ததும் அவள் உதடுகள் அசையாமல் நின்றுவிட்டன.

ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டைக் கொடுத்த கடவுள், ஒருநாள் நமக்குப் பதிலாகத் தம்முடைய சொந்த மகனையே ஆட்டுக்குட்டியாகக் கொடுத்தார். அதுதான் அவள் எழுதி வைத்திருந்த முடிவு. நாசரேத்தில் அந்தக் கதையை அப்படித்தான் முடிப்பார்கள். சோற்றின் கடைசிக் கவளத்துக்கு மோர் ஊற்றுகிற மாதிரி, அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கதைக்கு அந்த முடிவுதான். தான் என்ன எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதியிருக்கிறாள். ரெபேக்காவும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைதானே, அதற்கும் வித்தியாசமாகப் படவில்லை. யூதப் பிள்ளையாக எழுந்து நிற்கிற நாளில், யூதப் பெரியப்பா முகத்துக்கு நேரே, அந்தப் பிள்ளை நல்ல கிறிஸ்தவப் பிரசங்கம் ஒன்றைப் பண்ணி முடிக்கப் போகிறது. தாயைக் கொண்டு பிள்ளை என்று அவர் சொன்னது சரிதான் என்று தாயே எழுதிக் கொடுத்தாயிற்று.

இன்னும் ஒரு பத்திதான் இடையில் இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுக்கலாமா, மின்சாரத்தைத் துண்டிக்கலாமா என்றெல்லாம் பெர்சிக்கு ஓடியது. குறுக்கிடலாம் என்று நவோமி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் குறுக்கிட ஒரு கேள்வி வேண்டுமே. அவளிடம் பதில்கள்தானே இருந்தன. தவித்துப்போய், மனப்பாடமாக இருந்த அந்த அதிகாரத்தைத் தமிழில் மனசுக்குள் மடமடவென்று ஓட்டிப் பார்த்தாள். கழுதையும் வேலைக்காரர்களும் அடிவாரத்தில் நிற்கிறார்கள். தகப்பனும் மகனும் ஒன்றாக ஏறுகிறார்கள். கத்தி, குரல், புதரில் ஆடு. பிறகு ஆபிரகாம் அடிவாரத்துக்குத் திரும்பி வருகிறார்.

திரும்பி வருகிறார். பெர்சி அங்கேயே நின்றுவிட்டாள். பள்ளிப் பிள்ளைகளை மணப்பாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால், சிலுவைக் கோயில் மேட்டிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறும்போது தலையை எண்ணாமல் வண்டியை எடுக்கவிடாத டீச்சர் அவள். மேலே இரண்டு பேர் ஏறினார்கள். கீழே ஒரு பெயர்தானே இருக்கிறது.

"நில்லுளா!" என்றாள் பெர்சி.

ரெபேக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். ஒப்பிக்கும்போது அம்மா நிறுத்தச் சொல்வது பிள்ளைக்கு இதுவே முதல் தடவை.

"எனக்கு ஒரு கேள்வி. மலைக்கு ரெண்டு பேரு ஏறுதாங்க. எறங்கும்போது ஆபிரகாம் வாரார்னு மட்டும்தான் இருக்கு. பையன் எங்க?"

பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டாள். எலியாஸ் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். திரையில் பிள்ளைகள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்கள். நவோமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நல்லது என்றுகூடச் சொல்லாமல் காத்திருந்தாள். ரூபன் தன் எபிரேயப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துத் தேடினார்.

ரெபேக்காவின் முகத்தைப் பெர்சி பார்த்தாள். பாடம் மறந்துபோன பிள்ளை விழிக்கிற விழிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது வேறாக இருந்தது. பிள்ளை யோசித்தது. இத்தனை வருட வேலையில் அந்த முகத்தைத் தன் வகுப்பில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவன் அப்பாகூட வந்திருக்க மாட்டான்மா" என்றாள் ரெபேக்கா, அவளும் தமிழிலேயே. "பயந்திருப்பான். கோவமும் இருந்திருக்கும். வேற பக்கமா எறங்கி அவங்கம்மாகிட்ட ஓடியிருப்பான். அம்மா பேரு அந்தக் கதையிலயே இல்லைலா? அதனால யாருக்கும் அங்கன போய்த் தேடத் தோணல. ஆனா அவனுக்குத் தெரியும்லா, அம்மா எங்க இருப்பான்னு."

எலியாஸ் அதையும் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"அப்படி எழுதியிருக்கவில்லையே" என்றார் ரூபன். அவர் பேச ஆரம்பித்ததே அப்போதுதான். "மகன் கூடத்தான் வந்தான். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் சொல்லவில்லை."

"அப்போ ஏறும்போது மட்டும் இருவரும் சேர்ந்து போனார்கள் என்று ஏன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறது பெரியப்பா?" என்று ஆங்கிலத்துக்கு மாறினாள் ரெபேக்கா.

"அது... அது வேறு."

"எப்படி வேறு?"

ரூபன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, கொச்சிப் பையன் நடுவில் புகுந்து ஈசாக்கு மலையிலேயே மயங்கிக் கிடந்திருப்பான் என்றான். ரூபன் அவனையும் மறுத்தார். "நம் பெரியவர்கள் இதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா" என்று பிள்ளையிடம் விரலை நீட்டி வாதாடினார். நம் பெரியவர்கள் என்றார். சொன்னதை அவர் கவனிக்கவில்லை, பெர்சி கவனித்தாள். அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

பாழாய்ப்போன மனப்பாடம் சும்மா விடுமா? சத்தம் சற்று அடங்கியதும் ரெபேக்கா, "மிஸ், என் பேச்சில் கடைசிப் பத்தி இன்னும் பாக்கி இருக்கிறது. அம்மா எழுதிக் கொடுத்தது. சொல்லட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கேள்வியில்தானே முடிக்க வேண்டும் என்று நவோமியும் விட்டிருப்பாள். பெர்சிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பிள்ளை தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லுக்கும் செயலுக்கும் நானே பொறுப்பு என்று பிள்ளை எழுந்து நிற்கிற நாளில் தாய் ஒளிந்துகொண்டால் எப்படி என்று அவளுக்குப் பட்டது.

"அத நான் சொல்லுதேன்" என்று அவள் எழுந்தாள். டீச்சர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "எங்கள் வீட்டில், நான் பிறந்த வீட்டில், இந்தக் கதையை இயேசுவில் கொண்டுபோய் முடிப்போம். அந்த ஆட்டைத் தந்த கடவுள் பிறகு நமக்குப் பதிலாகத் தம் மகனையே தந்தார் என்போம். யோசிக்காமல் அதையே பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது என் முடிவு. அவளுடையது அல்ல. அவளுடையது நீங்கள் இப்போது கேட்டது."

வெளியே மழை விட்டிருந்தது. எலியாஸ் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ரூபன் புத்தகத்தை மூடினார்.

"நீங்கள் சொன்ன முடிவு எனக்கு ஆகாது" என்றார்.

"தெரியும்" என்றாள் பெர்சி.

"நீங்கள் கேட்ட கேள்வி..." என்று நிறுத்தினார். "அறுபது வருடமாக இதை வாசிக்கிறேன். நான் அந்தப் பையனைத் தேடியதில்லை."

அவல் தட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுந்து நின்று, எலியா தீர்க்கதரிசியை அழைத்து ஆசீர்வாதம் பாடினார். எலியாஸ் கூடப் பாடினார், அர்த்தம் தெரியாமல், கண்ணீர் வழிய. திரையில் சில பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது, தெரியாதவர்கள் கை தட்டினார்கள். ரூபன் முதல் பிடி அவலைத் தம்பி மகளுக்குக் கொடுத்தார், இரண்டாவதை அவள் தாய்க்கு நீட்டினார்.

மத்தியானம் கார் வந்தது. ரூபன் மறுபடியும் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "டிசம்பரில் கல்யாணம். மூன்று பேரும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும்" என்று தம்பியிடம் அதட்டலாகச் சொன்னார். எலியாஸ் அண்ணனின் செருப்பை வாங்கித் தானே காரில் வைத்தார். பிறகு ரூபன் ரெபேக்காவிடம் திரும்பினார்.

"உனக்குக் கூடப் படிக்க ஆள் இல்லாமல் போய்விட்டதாமே. இனி ஞாயிறு தோறும் நான் போனில் வருகிறேன். நாம் இருவரும் படிப்போம்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த வார்த்தைக்குத்தானே பெர்சி இத்தனை நாள் ஏங்கினாள். அப்படியும் அவளுக்குள் எதுவோ பொசுக்கென்று இறங்கியது. எபிரேயம் தெரிந்தவர், பெரியவர்கள் சொன்னதெல்லாம் தெரிந்தவர். இனி அவர் இருக்கும்போது தான் எதற்கு, விடைத்தாளைத் திருத்தப் போகலாம் என்று நினைத்தாள். பிள்ளைக்கு நல்லது, அதுதான் முக்கியம் என்று முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் பெரியப்பா" என்றாள் ரெபேக்கா. "ஆனால் எனக்கு ஆள் இருக்கிறது."

"யார்?"

"அம்மா."

ரூபன் பெர்சியைப் பார்த்தார். "அவர்களுக்கு எபிரேயம் தெரியாதே."

"எனக்கும் பாதி தெரியாது. எங்கே முட்டுகிறதோ அங்கே உங்களுக்குப் போன் போடுகிறோம்."

அவர் "சண்டை பெரிதானாலும் போடுங்கள்" என்று சொல்லிக் காரில் ஏறினார். தேங்கிய தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு கார் திருப்பத்தில் மறைந்தது. எலியாஸுக்குத் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது, உரக்கம்பெனிக்குச் சரக்கு கொண்டுவந்த கப்பல் காத்திருக்கிறதாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். தாயும் மகளும் மட்டும் வாசலில் நின்றார்கள். பெர்சி மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள், பிள்ளை அவல் ஒட்டிய கையோடு சாய்ந்துகொண்டது.

"எம்மா" என்றாள் ரெபேக்கா. "அடுத்த வாரப் பாடத்துல அவங்கம்மா சாராள் செத்துப் போறாங்களாம். ஈசாக்கு அதுக்கு முன்னாடி போய்ச் சேந்தானா இல்லையான்னு பாக்கணும். நீ படிச்சிருக்கியா?"

"அந்த அதிகாரம் பூராவும் எனக்கு மனப்பாடம்ளா."

"அது தெரியும்மா. படிச்சிருக்கியான்னு கேட்டேன்."

பெர்சி டீச்சர் மகளின் அவல் கையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இல்ல" என்றாள். "வா, படிப்போம்."